பன்னிரண்டு ஸ்பிண்டிலுக்கும் சிவப்புப் பெயிண்ட்

ஸ்டோர்ஸ் அக்கா என் மேசையில் சிவப்புப் பெயிண்ட் டப்பாவை வைத்துவிட்டுக் கிளம்பிய அந்தச் சாயங்காலம் அடிக்கடி நினைவுக்கு வருகிறது. துவாக்குடியில் வால்வு செய்யும் சின்னக் கம்பெனியில் நான் ஃபோர்மேன். கம்பி முதல் போல்ட் வரை எல்லாம் அக்காவின் சாவிக்குள். காலமெல்லாம் பாய்லருக்கு வால்வு செய்த எங்களுக்கு, முதல்முறையாக நீர்மூழ்கிக் கப்பலுக்கான உதிரிபாக ஆர்டர் வந்திருந்தது. அணுசக்தியில் ஓடுவது, எதிரிக் கப்பலைத் தேடிப்போய்த் தாக்கும் வகை. எரிபொருளுக்காக மேலே வர வேண்டியதில்லை. மாதக்கணக்கில் கடலுக்கடியிலேயே கிடக்கும். அங்கே வால்வு மக்கர் செய்தால் எந்தக் கடைக்கு ஓடுவது?

அதனால் கெடுபிடி அதிகம். எஃகுக் கம்பியின் நுனியில், அது உலையில் எந்த வார்ப்பில் வந்தது என்று ஓர் எண் குத்தியிருக்கும். அறுப்பதற்கு முன் அந்த எண்ணை ஒவ்வொரு துண்டிலும் குத்திவிட வேண்டும். இது எனக்குத் தூக்கத்திலும் தெரியும். ஆனால் மறுநாள் வைகுண்ட ஏகாதசி; ஸ்ரீரங்கத்து வீட்டில் மாமனார் வீட்டுக் கூட்டம் மொத்தமும் வந்து இறங்கியிருந்தது. காவிரிப் பாலத்து நெரிசலுக்குப் பயந்து, அக்கா கொடுத்த இரண்டு கம்பிகளையும் எண் குத்தாமலே ஒரே குவியலாக அறுத்துப் போட்டுவிட்டு ஓடினேன். அடுத்த வாரம் துண்டுகளைக் கடைந்து முடித்து, வால்வைத் திறந்து மூடும் தண்டான ஸ்பிண்டில் பன்னிரண்டும் பளபளவென்று வரிசையில் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. மறுநாள் காலை சாமான்களைச் சோதித்துப் பார்க்க இன்ஸ்பெக்டர் வருகிறார். ஆர்டர் போனால் உன் வேலையும் போகும் என்று முதலாளி முன்பே சொல்லியிருந்தார்.

எண் குத்தும் பஞ்ச் பெட்டியைக் கேட்டு அக்காவிடம் போனேன்.

"எந்தத் துண்டுக்கு எந்த நம்பர் தம்பி? நான் கொடுத்தது ரெண்டு கம்பி, ரெண்டு வார்ப்பு."

"ரெண்டும் ஒரே எஃகுதானேக்கா. யாருக்குத் தெரியப்போகுது?"

"நாளைக்கு ஒரு வார்ப்புல கோளாறுன்னு தகவல் வந்தா, எதைக் கழட்டச் சொல்லுவீங்க? கப்பலுக்குள்ள இருக்கிறவங்களுக்கு ஜன்னல்கூடக் கிடையாதுங்க."

பஞ்ச் பெட்டியைக் கொடுத்தார். கூடவே, கழித்த சாமானுக்குப் பூசும் சிவப்புப் பெயிண்டையும் என் மேசையில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். பெரிய உத்தமி என்று மனசுக்குள் திட்டினேன். பெட்டியைத் திறந்தேன், மூடினேன், மறுபடி திறந்தேன். பிறகு பிரஷ்ஷை எடுத்து ஒவ்வொன்றாகப் பூச ஆரம்பித்தேன். நாலாவதிலேயே அழுகை வந்துவிட்டது.

இன்ஸ்பெக்டர் அந்தச் சிவப்பு வரிசையையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வேற கம்பி இருக்கா?"

"இருக்குங்க."

"அறுக்கிறப்ப கூப்பிடுங்க. நின்னு பார்க்கிறேன்."

முதலாளி ஒரு மாசம் என்னோடு பேசவில்லை. ஆர்டர் மட்டும் நிலைத்தது. இன்று எங்கள் மெஷின்களில் பாதி அந்த வேலையைத்தான் செய்கின்றன. எண் குத்துவது இன்னமும் நானேதான். ஓய்வு பெற்று மணப்பாறையில் மகளோடு இருக்கும் அக்கா போன வாரம் போனில் பேசினார்.

"நம்ம வால்வெல்லாம் இப்ப எந்தக் கடல்ல இருக்கும் தம்பி?"

அது எனக்குத் தெரியாது, தெரியவும் கூடாது.

"கடல் தெரியாதுக்கா. எந்தக் கம்பின்னு கேளுங்க, சொல்றேன்."