என் பிரஸ் ஷாப்பை எழுதிய டாக்டர்

என் மகள் மருத்துவக் கல்லூரியில் மூன்றாம் வருடம் படிக்கும்போது ஒருநாள் விடுதியிலிருந்து காணாமல் போனாள். சாயங்காலம் வரை தேடினோம். ஓசூர் பஸ் ஸ்டாண்டில் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள். வார்டில் அவள் பார்த்துக்கொண்டிருந்த ஒரு குழந்தை இறந்துவிட்டதாம். இனி அங்கே போக மாட்டேன், நாவல் எழுதப் போகிறேன் என்றாள். இப்போதும் அவள் வீட்டில் இருக்கும்போது குளியலறையில் கொஞ்சம் நேரமெடுத்தால் போய்க் கதவைத் தட்டிவிடுகிறேன்.

நாவல் என்ற பேச்சே எங்கள் வீட்டுக்குள் ஒரு டாக்டரால் வந்ததுதான். மைசூர்ப் பக்கத்துக்காரர். இளம் வயதில் எங்கள் ஓசூருக்கு வந்து, தொழிற்பேட்டை ஓரமாக ஒரு கிளினிக் வைத்தார். எந்திரத்தில் அடிபட்ட கைகளுக்குத் தையல் போட்டுப் போட்டு, வந்தவர்களிடமே தமிழ் கற்றுக்கொண்டு, அந்தத் தமிழிலேயே நாவல் எழுதினார். மூன்றாவது நாவலுக்குப் பரிசு கிடைத்ததும் கிளினிக்கை விற்றுவிட்டு உத்தனப்பள்ளியில் கொஞ்சம் நிலம் வாங்கிப் போய்விட்டார். அங்கே வாரத்தில் ஒரு காலை மட்டும் நோயாளிகளைப் பார்ப்பார். மற்ற நேரமெல்லாம் எழுத்து.

அவருடைய முதல் நாவல், இரும்புத் தகட்டை எந்திரத்தில் அழுத்தி வெட்டும் ஒரு பிரஸ் ஷாப்பைப் பற்றியது. நான் பிரஸ் ஷாப் சூப்பர்வைசர். எங்கள் ஷாப்பில் யாருக்காவது விரல் போனால் வேஸ்ட் துணியில் கையைச் சுற்றி, ஜீப்பில் பக்கத்தில் உட்கார்ந்து கிளினிக் வாசல்வரை கொண்டுபோய் விடுவது நான்தான். வீட்டில் மட்டும் யாரும் எதையும் சொல்ல மாட்டோம். "சின்ன அடி" என்று முடித்துவிடுவோம். பிளஸ் டூ படிக்கும்போது ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே மகள் கேட்டாள்.

"அப்பா, விரல் போனதும் மொதல்ல வலிக்காதாமே, சில்லுனுதான் இருக்குமாமே. நெசமா?"

"யார் சொன்னா?"

"டாக்டர் எழுதியிருக்கார்."

தட்டிலேயே கையைக் கழுவினேன். கதவைத் தாண்டி உள்ளே வந்தவர்களை மட்டும் பார்த்தவர் அவர். அவர்கள் கத்தியதைக் கேட்டவன் நான். என் பிழைப்பை என் மகள் அவரிடம் படித்துத் தெரிந்துகொண்டாள்.

அவள் காலேஜை விட்டு வீட்டுக்கு வந்த பிறகு நான் கெஞ்சினேன், கோபப்பட்டேன், சாப்பிடாமல் இருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. "அவரையே போய்ப் பாருங்க. அவர் சொன்னா கேப்பா" என்றாள் என் மனைவி. அதுதான் எனக்கு அதிகமாக எரிந்தது. ஆனாலும் நானும் மகளும் போனோம்.

டோக்கன் இல்லாமல் அங்கே உள்ளே விடுவதில்லை. அதனால் மகள் பெயரில் டோக்கன் போட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து, "டாக்டரா நல்லாச் சம்பாதிச்சுட்டுத்தானே எழுத வந்தீங்க, அதை இவகிட்டச் சொல்லுங்க" என்று கேட்க வேண்டும். பைக்கில் வழியெல்லாம் அதையே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

டோக்கனைக் கூப்பிட்டதும் வாசலில் டோக்கன் கொடுக்கும் அம்மா கையை நீட்டி என்னைத் தடுத்தார்.

"பேஷண்ட் மட்டும் உள்ள."

"நான் அப்பாம்மா."

"அப்பான்னா அந்த பெஞ்சுல உக்காருங்கண்ணா. வளந்த பொண்ணுதானே, நீங்க எதுக்கு?"

உள்ளே இருவரும் கன்னடத்தில் ஆரம்பித்தார்கள். நான் ராமநாதபுரத்திலிருந்து வந்தவன். இத்தனை வருடத்தில் டீ கேட்கவும் பஸ் கேட்கவும்தான் எனக்குக் கன்னடம் வரும். அவள் தெருவில் விளையாடியே கற்றுக்கொண்டவள். திரைக்குப் பின்னால் அவள் அழுவது கேட்டது. எங்களிடம் அவள் ஒரு சொட்டு அழவில்லை. கொஞ்ச நேரத்தில் சிரிப்பும் கேட்டது. பக்கத்தில் இருமிக்கொண்டிருந்த பெரியவரிடம், "என்னங்க பேசறாங்க?" என்றேன்.

"ஏம்ப்பா, உம் பொண்ணுக்கு என்ன நோவுன்னு உனக்கே தெரியாதா?"

டாக்டர் வெளியே வந்தார். "சார் பிரஸ் ஷாப்பாமே? எங்க, கையக் காட்டுங்க. பத்தும் இருக்கே!" என்று சிரித்தார். "உங்கள முன்னாடியே பாத்திருந்தா புத்தகம் இன்னும் நல்லா வந்திருக்கும்" என்றார். அதைக்கூட நன்றாகச் சொன்னார். நான் காட்டிய கையை மடக்கிக்கொண்டு பைக் சாவியை எடுத்தேன்.

திரும்பும்போது பைக்கில் பின்னாலிருந்து, "காலேஜ் போறேன்ப்பா" என்றாள்.

"என்னத்தா சொன்னார் அவர்?"

"அவர் பாத்த மொத சாவைப் பத்தி."

"என்னன்னு?"

"அத தமிழ்ல சொன்னா நல்லாருக்காதுப்பா."

அடுத்த வாரமே அவளைப் பஸ் ஏற்றிவிட்டேன். நான் கேட்டது நடந்துவிட்டது. என் மனைவி அந்த டாக்டரைத் தெய்வம் என்றாள். நான் ஷிஃப்டுக்குக் கிளம்பினேன்.

வார்டுக்குப் போன முதல் நாள் சாயங்காலம் போனில் பேசினாள்.

"எப்படித்தா இருந்துச்சு?"

"பரவால்லப்பா."

இன்னும் ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டேன்.

"டாக்டர்கிட்டச் சொல்லிட்டியா?"

"அவர்கிட்ட வார்டுலேருந்து வந்ததுமே பேசிட்டேன்ப்பா. ஒரு மணி நேரம்."