கிளீனர் வீரய்யாவும் ஏரிக்கரை வண்டியும்

லொறி கிளீனர் வீரய்யாவை நான் ஒரு நாளும் பெரிய ஆளாக நினைத்ததில்லை. லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் டிரைவர். பதினோரு வருஷம் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தான். லைசன் எடுத்து நாலு வருஷமாகியும் அவனுக்கு ஓட்ட வண்டி கிடைக்கவில்லை. தோட்டத்துக்கு ஒரே லொறி. நான் எழுந்தால்தான் அவன் உட்கார முடியும். மூன்று பெண்பிள்ளைகளை வைத்துக்கொண்டு நான் எங்கே எழுவது? கனவிலேயே ஓட்டிக்கொள் என்று கேலி செய்வேன். சிரித்துக்கொள்வான். மற்றபடி பக்தி அதிகம். சக்கரம் வைத்த எதைக் கண்டாலும் பொட்டு வைத்துவிடுவான்.

ஐம்பத்தேழில் பெரிய துரையின் சிநேகிதரும் அவர் மனைவியும் காருக்குப் பின்னால் கட்டிய ஒரு வீட்டு வண்டியோடு வந்து இறங்கினார்கள். கட்டில், அடுப்பு, ஜன்னல் திரை எல்லாம் உள்ளே இருந்தன. இஞ்சின் மட்டும் இல்லை. தோட்டத்தின் மேல்பிரிவான மேல்கணக்கில், ஏரிக்கரையில் நாலு நாள் தங்கி மீன் பிடிக்கப் போகிறார்களாம். இத்தனை பெரிய பங்களா இருக்க, பனியில் போய்ப் படுக்கிறார்களே என்று எங்களுக்குப் புரியவேயில்லை. நான்தான் லொறியில் கட்டி இழுத்துப்போய், கரைச்சரிவில் நிறுத்தி, இரண்டு சக்கரத்துக்கும் கட்டை போட்டேன். விறகு, தண்ணீருக்கு வீரய்யாவை அங்கேயே விட்டு வந்தேன்.

மூன்றாம் நாள் ஆயுதபூசை. லொறிக்குப் பூசை போட்டுவிட்டு, மத்தியானம் அவர்களுக்குப் பாண் ரொட்டி கொண்டு மேலே போனேன். கடைசி வளைவில் திரும்பியதும் பிரேக்கை மிதித்தேன். வீட்டு வண்டி தானாக ஏரியை நோக்கி உருண்டுகொண்டிருந்தது. ஜன்னலில் விருந்துக்கு வந்த துரைசாணியின் முகம். வீரய்யா கத்திக்கொண்டே பின்னால் ஓடினான். வண்டி தண்ணீருக்குள் இறங்கிச் சாய்ந்தது. நீச்சல் தெரியாதவன், கழுத்தளவுத் தண்ணீரில் கதவைப் பிய்த்து அவளை இழுத்து வந்தான். நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி மரம் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

பழி என் தலையில் விழுந்தது. நான் கட்டையைச் சரியாகப் போடவில்லை என்று துரை முடிவு கட்டிவிட்டார். போட்ட கட்டை எப்படி நழுவும் என்று இரவெல்லாம் யோசித்தும் எனக்கு விளங்கவில்லை. மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில், எல்லார் முன்னாலும், டிரைவர் நல்லமுத்துவுக்கு இனி வேலை இல்லை, வீரய்யாதான் டிரைவர் என்று துரை அறிவித்தார். என் மூன்று பெண்பிள்ளைகளும் கண்முன் வந்து நின்றார்கள்.

வீரய்யா தலைத்துண்டை எடுத்துவிட்டு முன்னால் வந்தான்.

"அண்ணன் கட்டை போட்டுத்தாங்க இருந்துச்சு, தொரை. நான்தான் எடுத்தேன். ஆயுதபூசைக்குச் சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழம் வைக்கணும்ல. லொறி மாதிரி உள்ள பிரேக் இருக்கும்னு நெனச்சுப்புட்டேன்."

துரை முகம் சிவந்துபோய், இவனுக்கு டிரைவர் வேலையும் கிடையாது, கிளீனர் வேலையும் கிடையாது, மண்வெட்டியைக் கொடுத்து மலைக்கு அனுப்பு என்று கணக்கப்பிள்ளையிடம் சொன்னார். என்னைப் பார்த்து லொறியைக் காட்டினார்.

அன்று சாயங்காலம் அவன் குடியிருந்த லயத்து வீட்டுக்குப் போய்த் திட்டித் தீர்த்தேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இந்நேரம் நீ டிரைவர் என்றேன். கொப்புளம் கண்ட உள்ளங்கையில் அவன் மனைவி மீனம்மா எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

"ஏறி உக்கார ஆசதாண்ணே," என்றான். "ஒங்கள எறக்கிவிட்டுட்டு எப்படி ஏறுறது?"

வீட்டுக்கு நடந்து வரும்போது என்னையே கேட்டுப் பார்த்தேன். அவன் இடத்தில் நான் நின்றிருந்தால் சொல்லியிருப்பேனா? மாட்டேன். ஏரியில் கண்டதைவிட எனக்கு அதுதான் பேரதிர்ச்சி.