டெமோ கிளாஸ் அன்று என் வீட்டுக்காரி

என் மனைவி எம்.எஸ்சி. கணக்கு. யாரிடம் பேச ஆரம்பித்தாலும் கொஞ்ச நேரத்தில் இதை நான் சொல்லிவிடுவேன். மில்லில் என்னோடு வேலை செய்கிறவர்கள், “ஆரம்பிச்சிட்டான்டா” என்று தலையில் அடித்துக்கொள்வார்கள். அடித்துக்கொள்ளட்டும். என் அப்பா ஊத்துக்கோட்டைப் பக்கம் அடுத்தவர் நிலத்தில் ஏர் ஓட்டியவர். நான் ஐ.டி.ஐ. முடித்துவிட்டுக் கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி உருட்டும் மில்லில் கிரேன் ஓட்டுகிறேன். எங்கள் வீட்டில் ஒருத்தி எம்.எஸ்சி. என்றால் அதைச் சொல்லாமல் வேறு எதைச் சொல்வது?

ஆனால் படித்த படிப்பு பல வருஷம் பீரோவுக்குள்தான் கிடந்தது. மகள் பிறந்தாள், அப்புறம் அவளுக்கு அடிக்கடி காய்ச்சல், அப்புறம் ஸ்கூல். வேலைக்குப் போகிற பேச்சு வரும், போகும். மகள் மூன்றாம் வகுப்புக்குப் போனதும்தான் என் மனைவி இன்ஜினியரிங் கல்லூரிகளுக்கு விண்ணப்பம் போட ஆரம்பித்தாள்.

அங்கெல்லாம் சான்றிதழைப் பார்த்துவிட்டு வேலை கொடுத்துவிட மாட்டார்கள். டெமோ கிளாஸ் என்று ஒன்று உண்டு. தலைப்பை முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். பிரின்சிபாலும் துறைத் தலைவரும் முன் பெஞ்சில் உட்கார்ந்துகொள்வார்கள். நாம் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். பிடிக்கவில்லை என்றால் பாதியில் “போதும் மேடம், தேங்க்யூ, போன் பண்றோம்” என்பார்கள். அந்த போன் வரவே வராது. இரண்டு கல்லூரியில் அவளுக்கு அப்படித்தான் ஆனது. இரண்டாவது தடவை வீட்டுக்கு வந்து புடவையைக்கூட மாற்றாமல் அரிசி களைந்தாள்.

மூன்றாவதாகத் திருவள்ளூர் பக்கம் ஒரு கல்லூரியிலிருந்து கூப்பிட்டார்கள். இரண்டாம் வருஷ மாணவர்களுக்கு ‘ஃபோரியர் சீரீஸ் அறிமுகம்’, கால் மணி நேரம். போனை வைத்துவிட்டு என்னிடம் சொன்னாள்: “இதாங்க கடைசி. இதுவும் போச்சுன்னா கம்பெனியில அசெம்பிளி வேலைக்குப் போய்டுறேன். புக்கெல்லாம் பேப்பர் கடையில போட்டுடலாம். அப்புறம் எவன்கிட்டயும் எம்.எஸ்சி.ன்னு பீத்திக்கினு திரியக் கூடாது நீங்க.”

“இன்னாமே பேச்சு இது?” என்று கத்தினேன். மில் இரைச்சலில் பேசிப் பழகியதால் நான் சும்மா பேசினாலே கத்துவது போலத்தான் இருக்கும். அன்றைக்கு நிஜமாகவே கத்தினேன். சொன்னால் செய்கிறவள் அவள்.

எங்கள் வீட்டு வாசல் கதவு இரும்பு. கறுப்பு பெயின்ட் மங்கிப்போய்ச் சாக்பீஸ் நன்றாகப் பிடிக்கும். டெமோ ஒத்திகைக்கு அதுதான் போர்டு. நானும் மகளும் தெருப்பக்கம் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொள்வோம். சாயங்காலம் ஆனால் பாடம். எதிர்வீட்டம்மா பால் வாங்கப் போகும்போது நின்று பார்த்துவிட்டு, “இன்னாக்கா, கதவு மேல பாம்பு பாம்பா மந்திரம் எழுதிக்கிறீங்க? எதனா பரிகாரமா?” என்றார். இன்டெக்ரல் குறியைத்தான் சொல்கிறார். “ஆமாக்கா, பெரிய பரிகாரம்” என்றாள் என் மனைவி. சிரிப்பை அடக்க முடியாமல் சாக்பீஸைக் கீழே போட்டாள்.

“கடைசி பெஞ்சுக்குக் கேக்கல” என்பதுதான் என் வேலை. நாற்காலியைப் பின்னால் தள்ளித் தள்ளி ஒருநாள் எதிர்வீட்டுச் சுவர் வரை போய்விட்டேன். ஆனால் பாடம் என்னை இழுத்துக்கொள்ளும் என்று நான் நினைக்கவில்லை.

அவள் இங்கிலீஷில் சொல்லிவிட்டு எனக்காகத் தமிழில் சொன்னாள். “உங்க ஷிப்ட் மாதிரிங்க. ஏ, பி, சி, மறுபடி ஏ. மூணு வாரத்துக்கு ஒரு தபா திரும்பித் திரும்பி வருதில்ல, அதான் பீரியாடிக். திரும்பித் திரும்பி வர்ற உருவம் எதுவா இருந்தாலும் சரி, எவ்ளோ கோணலா இருந்தாலும் சரி, அதை வெறும் அலைங்களைக் கூட்டியே கட்டிடலாம். கட்டம் கட்டமா ஒரு உருவம்னா, மெதுவா ஆடுற ஒரு பெரிய அலை, அதைவிட மூணு மடங்கு வேகமா ஆடுற ஒரு சின்ன அலை, அஞ்சு மடங்கு வேகத்துல இன்னும் சின்னது. எந்த அலை எவ்ளோ போடணும்னு கண்டுபுடிக்கிறதுதான் மொத்தச் சாப்டரும்.”

“எவன்மே இதைக் கண்டுபுடிச்சான்?” என்றேன். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

“இந்த வேகவேகமான அலைங்களுக்குப் பேரு ஹார்மோனிக்ஸ்” என்றாள். நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். எங்கள் மில்லில் கரண்ட் பேனல்கள் இருக்கும் அறையில் ஒரு பெட்டி மேல் ‘ஹார்மோனிக் ஃபில்டர்’ என்று எழுதியிருக்கும். தினமும் அதைத் தாண்டித்தான் போகிறேன். என்ன எழவோ என்று நினைத்திருந்தேன். “அதேதாங்க. ஃபர்னஸ் இழுக்கிற இழுப்புல கரண்ட்டோட அலை நெளிஞ்சிடும். வேண்டாத அலைங்களை அது புடிச்சி நிறுத்துது” என்றாள். மறுநாள் மில்லில் எலக்ட்ரீஷியன் முதல் லாரி டிரைவர் வரை எல்லோருக்கும் சொன்னேன். பேஜாரு பிடித்தவன் என்று திட்டினார்கள்.

டெமோ நாளில் அவளை பைக்கில் அழைத்துப் போனேன். வழியெல்லாம் பின்னால் இருந்து இங்கிலீஷில் முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். கல்லூரி வாசலில் இறக்கிவிட்டு, “இந்தாம்மா, சத்தமா பேசு. எதிர்த்துப் பேசாத. நேரத்துக்கு முடிச்சிடு” என்றேன். தலையை ஆட்டினாள்.

வந்தவர்கள் உட்காரும் இடம் எங்கோ இருந்தது. வகுப்பின் ஜன்னலை ஒட்டி வராந்தாவில் தண்ணீர் கூலர் இருந்தது. தண்ணீர் குடிக்கிற சாக்கில் நான் அங்கே போய் நின்றேன்.

முன் பெஞ்சில் பிரின்சிபாலும் கணக்குத் துறைத் தலைவரான ஒரு அம்மாவும் இருந்தார்கள். பின்னால் அறை நிறைய மாணவர்கள். என் மனைவி ஆரம்பித்தாள். கதவில் எழுதியதையெல்லாம் வரிசையாக எழுதினாள், மனப்பாடம் செய்ததை அப்படியே சொன்னாள். சத்தம் பரவாயில்லை. ஆனால் அது அவளாக இல்லை. ரேடியோவில் செய்தி வாசிப்பது போல இருந்தது. மாணவர்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள், யாரும் நிமிரவில்லை. பிரின்சிபால் வாட்சைப் பார்த்தார்.

“போதும் மேடம், தேங்க்யூ” என்றார்.

போச்சுடா என்று நினைத்தேன். அவள் சாக்பீஸை மேஜையில் வைத்தாள்.

அப்போது கடைசி பெஞ்சில் ஒரு பெண் எழுந்து நின்றாள். “மேடம், ஒரு டவுட். நான் டிப்ளமோ முடிச்சிட்டு நேரா செகண்ட் இயர் வந்தேன், எனக்கு மேத்ஸ் அவ்ளோவா வராது. நீங்க போர்டுல கட்டம் கட்டமா ஒண்ணு போட்டீங்க. அலையில மூலையே கிடையாதே மேடம். வழவழன்னு இருக்குது. அதை எத்தினி கூட்டினாலும் மூலை எங்கேர்ந்து வரும்?”

வகுப்பு சிரித்தது. துறைத் தலைவர் அம்மா, “அப்புறம் கேட்டுக்கலாம்மா, உக்காரு” என்றார்.

என் மனைவி சாக்பீஸை மறுபடி எடுத்துவிட்டாள். “மன்னிச்சிக்கங்க மேடம். கேள்வி கேட்டுட்டாங்க. பதில் சொல்லாம என்னால எறங்க முடியாது.”

அடிப்பாவி என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். பிரின்சிபால் முகம் இறுகிவிட்டது. அவள் அவரைப் பார்க்கவே இல்லை. அந்தப் பெண்ணைப் பார்த்துத் தமிழில் பேச ஆரம்பித்தாள். எங்கள் வாசலில் பேசுகிற அதே தமிழ்.

“நல்ல கேள்விம்மா. கரண்ட் போய்ப் போய் வருதுன்னு வச்சிக்க. இருக்கும்போது மேல ஒரு நேர்க்கோடு, போனதும் தொபுக்குன்னு கீழ. இதான் உன் கட்டம். இப்ப முதல் அலையைப் போடுறேன். மலை மாதிரி உருண்டையா நிக்குதா? இது மேல மூணாவது அலையைப் போடு. நடுவுல அது கீழ எறங்குது, ரெண்டு ஓரத்துலயும் மேல ஏறுது. அப்ப இன்னா ஆவும்? மலையோட தலையை அமுக்கும், தோளைத் தூக்கும். தோள் தூக்கினா பக்கம் செங்குத்தாவும். ஒவ்வொரு அலையா போடப் போட இன்னும் செங்குத்து. எந்த ஒரு அலையிலயும் மூலை இல்ல. முடிவே இல்லாம கூட்டிக்கினே போனா, அந்தக் கூட்டல்லதான் மூலை வருது.”

மாணவர்கள் பேனாவை வைத்துவிட்டார்கள். எல்லோரும் போர்டைப் பார்த்தார்கள். இரண்டாவது வரிசையில் ஒருவன், “அந்த மூலையில கரெக்டா இன்னா மேடம் இருக்கும்? கரண்ட் இருக்குதா, இல்லையா?” என்றான். “சீரீஸைக் கேட்டா ரெண்டுக்கும் நடுவுலன்னு சொல்லும்” என்றாள். அறை முழுக்கச் சிரிப்பு.

பிரின்சிபால் எழுந்து நின்றார். “புரிஞ்சுதா எல்லாருக்கும்?”

“புரிஞ்சுது சார்!” என்று கோரஸ். நானும் ஐ.டி.ஐ.யில் இப்படி எத்தனையோ கோரஸ் பாடியிருக்கிறேன். அவருக்கும் தெரியாதா என்ன? “கேட்ட பொண்ணு வாம்மா இங்க. அஞ்சாவது அலையைப் போட்டா இன்னா ஆகும்னு நீ சொல்லு” என்றார்.

என் மனைவியின் வேலை இப்போது அந்தப் பெண்ணின் கையில். அவள் முன்னால் வந்து சாக்பீஸை வாங்கினாள். “அஞ்சாவதும்... தலையை அமுக்கும் சார்” என்றாள். தப்பு என்று எனக்கே தெரிந்தது, அத்தனை சாயங்காலம் உட்கார்ந்திருக்கிறேனே. துறைத் தலைவர் அம்மா உதட்டைப் பிதுக்கினார். “மேடம், கொஞ்சம் ஹெல்ப் பண்ணுங்களேன்” என்றார்.

“வேணாம் மேடம். அவங்களே பாத்துப்பாங்க” என்றாள் என் மனைவி. பிறகு அந்தப் பெண்ணிடம், “வரைஞ்சி பாரும்மா” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றாள்.

ஜன்னல் கம்பியை நான் பிடித்திருந்த பிடியில் விரல் வலித்தது. ஒரு வார்த்தை எடுத்துக் கொடுக்கக் கூடாதா? பீரோவில் இருக்கிற புத்தகமெல்லாம் கண் முன்னால் வந்தது. அந்தப் பெண் போர்டில் மெதுவாக வரைந்தாள். மேலே ஒன்று, கீழே ஒன்று, மேலே ஒன்று. அங்கேயே நின்றுவிட்டாள்.

“மேடம்!” என்றாள் திடீரென்று. “நடுவுல மேல வருது மேடம்! மூணாவது ஓவரா அமுக்கிடுச்சி, நடுவுல குழி உழுந்துடுச்சி. இது அந்தக் குழியை ரொப்புது! அதான் மட்டமாவுது!”

“சபாஷ்!” என்று என் மனைவி போட்ட சத்தம், எதிர்வீட்டுச் சுவர் வரைக்கும் கேட்டிருக்கும். மாணவர்கள் பெஞ்சைத் தட்டினார்கள். அந்தப் பெண் வெட்கத்தில் சாக்பீஸ் கையோடு வாயை மூடிக்கொண்டு, முகமெல்லாம் வெள்ளையாக நின்றாள்.

பிரின்சிபால் போர்டுக்குப் பக்கத்தில் வந்தார். பிறகு, “நீங்க எப்ப ஜாயின் பண்ண முடியும் மேடம்?” என்றார்.

“சார், ஏழாவது அலை பாக்கி இருக்குது. அஞ்சு நிமிஷம் குடுங்க, முடிச்சிட்டு வந்து சொல்றேன்” என்றாள். அவர் திரும்பப் பெஞ்சில் உட்கார்ந்தார்.

வராந்தாவில் எனக்குக் கண்ணைத் துடைக்கக் கர்சீப்கூட இல்லை. சட்டைக் கையில் துடைத்துக்கொண்டிருக்கும்போது கல்லூரி அட்டெண்டர் பின்னால் வந்து நின்றார். “இன்னாண்ணா, எம்மா நேரமா தண்ணியே குடிச்சிக்கினு நிக்கிற? யாரு நீ?”

“அதோ போர்டாண்ட நிக்கிறாங்க பாரு, மேத்ஸ் மேடம்” என்றேன். “நான் அவங்க ஊட்டுக்காரன்.”