தண்ணீர் பார்க்க வந்தவர்கள்

கோட்டைப்பட்டினத்துக்குத் தெற்கே, கரையை விட்டுச் சற்றுத் தள்ளி ஒரு மணல்திட்டு உண்டு. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்பங்கழி. வள்ளம் இல்லாமல் போய்ச் சேர முடியாது. சில மீனவக் குடும்பங்கள் அங்கே இருந்தன. அறுபதுகளின் தொடக்கத்தில், மண்ணுக்கடியில் எண்ணெயும் எரிவாயுவும் இருக்கிறதா என்று தேடி வந்த ஒரு குழுவோடு நான் அந்தத் திட்டுக்குப் போனேன்.

நான் ஆவூர்ப் பக்கத்துக் கத்தோலிக்க விவசாயக் குடும்பத்தில் பிறந்தவன். திருச்சியில் படித்துப் பட்டம் வாங்கியிருந்தேன். குழுவின் பொறியாளர் வடக்கத்திக்காரர், தமிழ் தெரியாது. அவர் சொல்வதை ஊராருக்கும் ஊரார் சொல்வதை அவருக்கும் எடுத்துச் சொல்வது என் வேலை. அவர் நல்ல மனிதர் என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். எந்த இடத்தில் துளை போடுவதானாலும், "இங்கே யாருக்காவது ஆட்சேபணை உண்டா, கேட்டுச் சொல்" என்பார். உண்டு என்றால் அந்த இடத்தை விட்டுவிட்டு அடுத்த இடத்துக்குப் போய்விடுவார்.

முதல் நாள் வலை காயப்போடும் மேட்டில் ஊர் கூடியது.

"பூமிக்கு ஊசி போடப் போறீங்களாமே, நெசமா?" என்று ஒருவர் ஆரம்பித்தார்.

"ஊசி இல்லண்ணே. ஆழமா ஒரு துளை போட்டு அடியில வெடி வைப்போம். சத்தம் கீழ போயி பாறையில பட்டுத் திரும்பி வரும். வர்ற நேரத்த வச்சு உள்ள என்ன இருக்குன்னு கணக்குப் போடுவாங்க."

"அப்ப நீங்க கூப்புட்டா பூமி பதில் சொல்லுது. நான் கூப்புட்டா வீட்டுல ஒருத்தரும் சொல்றதில்ல."

"ஒங்க கொரலக் கேட்டா பூமியும் சொல்லாது கொழுந்தனாரே" என்றாள் பின்னால் நின்ற ஒரு பெண். கூட்டம் சிரித்தது. ஏன் சிரிக்கிறார்கள் என்று பொறியாளர் கேட்டார். நான் சொன்னதும் அவரும் சிரித்தார்.

"எண்ணெ கெடைச்சா எங்க தலைக்கும் ஒரு போத்தல் குடுங்க சார்" என்று இன்னொருவர் முடித்துவைத்தார்.

பின்னால் நின்று பேசிய அந்தப் பெண் கணவனை இழந்தவள். கடலுக்குப் போகும் ஒரே மகனோடு இருந்தாள். எங்களுக்குக் குடிதண்ணீர் கொண்டுவந்து கொடுக்கும் பொறுப்பை அவள் ஏற்றுக்கொண்டாள். திட்டின் நடுவில் இருந்த ஊற்றிலிருந்து எடுத்து வருவாள். சுற்றிலும் உப்புநீர் இருக்க நடுவில் இப்படி ஒரு தண்ணீர் எப்படி வந்தது என்று எனக்கு ஒரே வியப்பு. மழைநீர் மணலில் இறங்கி, உப்புநீரின் மேல் மெல்லிசாக மிதந்து நிற்கிறது என்று பொறியாளர் விளக்கினார். அடியிலுள்ள உப்பு கலந்துவிடும் என்று அந்த ஊற்றில் யாரும் வாளி இறக்குவதில்லை. கையால் மணலை விலக்கி, ஊறியதைச் சிரட்டையால் மொண்டு குடத்தில் ஊற்றுவார்கள். சலசலப்பில்லாமல் அவள் மொள்வதை நான் போய்ப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

வரைபடத்தின்படி ஒரு துளை அந்த ஊற்றின் பக்கத்திலேயே விழுந்தது. மூங்கில் கழியில் சிவப்புத் துணி கட்டி நட்டார்கள். அன்று அவள் என்னிடம் வந்தாள்.

"தம்பி, அதக் கொஞ்சம் அங்கிட்டு, பனை ஓரமாத் தள்ளிப் போட்டுக்கிறச் சொல்லுங்க. பங்குனியில பொண்ணு வீட்டுக்காரங்க தண்ணி பாக்க வாராங்க."

"தண்ணி பாக்கவா? மாப்பிள்ளையப் பாக்க இல்லையா அக்கா?"

"மாப்ளைய யாரு பாக்குறா? அவன் எப்பவும் கடல்லதான் கெடக்கப் போறான். பொண்ணு காலத்துக்கும் தூக்கப்போறது கொடத்தத்தான?" என்று சிரித்தாள்.

வழக்கத்தை அவளே விளக்கினாள். பெண்ணின் தாய்மாமன் நேராக ஊற்றுக்குப் போய்த் தானே மொண்டு குடிப்பார். இனித்தால் வந்து வெற்றிலையை எடுப்பார். கரித்தால் எடுக்க மாட்டார். உப்பங்கழி தாண்டிப் போய்த் தண்ணீர் சுமக்கிற ஊருக்கு யாரும் பெண் கொடுப்பதில்லை. அவள் மகனுக்கு ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது.

சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை.

காரணம் சொன்னால் அற்பமாக இருக்கும். இந்தத் துளையின் பதிவை உடனிருந்து பார்க்க எனக்கு அனுமதி தருவதாகப் பொறியாளர் சொல்லியிருந்தார். வெடித்ததும் ஒரு காகிதச் சுருளில் கோடுகள் நடுங்கிக்கொண்டே வரும் என்று கேள்விப்பட்டிருந்தேன். பூமியின் அடியிலிருந்து வரும் பதிலைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஆசை. ஆட்சேபணை உண்டு என்றால் இந்த இடத்தை விட்டுவிடுவார்கள். திட்டில் இதுதான் கடைசித் துளை. "யாருக்காவது ஆட்சேபணை உண்டா?" என்று அவர் கேட்டபோது, "ஒன்றுமில்லை" என்றேன்.

வெடித்தபோது காலடியில் மண் ஒருமுறை விக்கியது. சேறும் தண்ணீரும் பனை உயரத்துக்கு எழுந்து விழுந்தன. பிள்ளைகள் கூச்சலிட்டார்கள். காகிதத்தில் கோடுகள் வந்தன. ஒவ்வொரு நடுக்கமும் ஒரு படுகை என்று பொறியாளர் விரல் வைத்துக் காட்டினார். அவ்வளவு மகிழ்ச்சியாக நான் இருந்த நாட்கள் குறைவு. இதையும் மறைக்காமல் எழுதத்தான் வேண்டும்.

மறுநாள் காலை அவள் கொண்டுவந்த தண்ணீர் கரித்தது.

"கொஞ்சம் கரிக்குதுல்ல?" என்று கேட்டாள். குடித்துவிட்டு ஆமாம் என்றேன். வெடியினால்தானா என்று எவரும் ஆராய்ந்து பார்க்கவில்லை. ஆனால் வெடிக்கு முன்பு வரை நான் குடித்த தண்ணீர் இனித்தது.

நாங்கள் கருவிகளைக் கட்டிக்கொண்டிருந்த சமயத்தில் பெண் வீட்டார் வந்தார்கள். தாய்மாமன் பெரிய மீசைக்காரர். ஊற்றில் குனிந்து ஒரு மிடறு குடித்தார். உடனே நிமிரவில்லை. பிறகு பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்தார்.

"சார், நீங்க படிச்சவங்க, இந்த ஊர்க்காரரும் இல்ல. வெடி போட்டதால கெட்டுப்போச்சுன்னு இவங்க சொல்றாங்க. பொண்ணு குடுக்குற எடம், அதனால கேக்குறேன். முன்னாடி நல்லாத்தான் இருந்துச்சா?"

அவள் சற்றுத் தள்ளி, வெற்றிலைத் தட்டோடு நின்றாள். முகத்தில் கவலை இல்லை. நான் தினமும் குடித்தவன், சொல்லிவிடுவேன் என்று நின்றாள். இந்தப் பக்கம் பொறியாளர், அவர் என்ன கேட்கிறார் என்று என்னைக் கேட்டார். நல்லாயிருந்தது என்று சொன்னால், வெடிக்கு முன் எவரும் தடுக்கவில்லையா என்ற பேச்சு வரும். அது பொறியாளர் காதுக்கும் போகும், நான் மறைத்தது வெளிப்படும்.

"நான் வந்து கொஞ்ச நாள்தாங்க ஆகுது. எனக்குத் தெரியலை" என்றேன். பொறியாளரிடம், "ஏதோ கல்யாணப் பேச்சு" என்றேன்.

தாய்மாமன் வெற்றிலையைத் தொடவில்லை. வெயிலுக்கு முன் போக வேண்டும் என்று மரியாதையாகச் சொல்லி வள்ளத்தில் ஏறினார்கள். அவள் என்னிடம் கோபப்படவில்லை. "தெனமும் குடிச்சீங்களே தம்பி" என்றாள். அவ்வளவுதான்.

பொய்ச்சாட்சி சொல்லாதே என்பதைச் சிறுவயதிலேயே ஞானோபதேச வகுப்பில் மனப்பாடம் செய்தவன் நான். ஆனாலும் இதை எந்தச் சாமியாரிடமும் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னதில்லை. தெரியவில்லை என்று சொன்னது பொய்யாகுமா என்று பல ஆண்டுகள் எனக்குள்ளேயே வாதாடிக்கொண்டிருந்தேன்.

அந்த மழைக்காலம் கழிந்து, வேறு வேலையாகக் கோட்டைப்பட்டினம் போனபோது வள்ளம் பிடித்துத் திட்டுக்குப் போனேன். பொறியாளர் குழு வேறு கரைக்குப் போய்விட்டிருந்தது. அன்று தண்ணீர் பார்க்க வந்தவர்கள் தங்கள் பெண்ணை வேறு ஊரில் கொடுத்துவிட்டார்கள். மகன் தூத்துக்குடிப் பக்கம் விசைப்படகில் வேலைக்குப் போய்விட்டான்.

அவள் ஊற்றிலிருந்து மொண்டு, சிரட்டையோடு என் கையில் கொடுத்தாள். குடித்தேன்.

"எப்படி இருக்கு?"

"இனிக்குது அக்கா."

"அப்ப ஒங்களுக்கு ருசி தெரியத்தான் செய்யுது" என்று சொல்லிவிட்டு, குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள்.