விண்வெளிக் கவசமும் கீழ்பென்னாத்தூர் சம்பந்தமும்

கடை வாசலில் வேஷம் கட்டி நிற்கிற வேலையில் வெயிலைத் தாங்கிக்கொள்ளலாம், வேர்வையைத் தாங்கிக்கொள்ளலாம், தெரிந்தவர்களைத்தான் தாங்க முடியாது. துணிக்கடை வாசலில் கும்பிட்டபடி நின்றவர்கள், சர்க்கஸ் விளம்பரத்துக்குக் கட்டைக்காலில் நடந்தவர்கள், இவர்களுக்கெல்லாம் நான் சொல்வது புரியும். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போங்கள்.

எண்பதுகளில் நான் திருவண்ணாமலை தேரடித் தெருவில் ஒரு டிவி கடையில் சேல்ஸ்மேன். பெயர் ஏழுமலை. அப்போது கீழ்பென்னாத்தூரில் எனக்கு ஒரு பெண் பேசிக்கொண்டிருந்தார்கள். ஜாதகம் பொருந்திவிட்டது, போட்டோ கைமாறிவிட்டது. என் அம்மா அங்கே போய், பையன் கடையில் மேனேஜர் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். எனக்கு அந்தப் பெண்ணை ரொம்பப் பிடித்திருந்தது, அதனால் நானும் வாயைத் திறக்கவில்லை. பெண்ணின் அப்பா வேர்க்கடலை, எங்கள் பக்கத்துப் பேச்சில் மல்லாட்டை, போடுகிற விவசாயி. ஒரு நாள் கடைக்கு வந்து பையனைப் பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பியிருந்தார். எந்த நாள் என்று மட்டும் சொல்லவில்லை.

பெட்டி வந்தது

முதலாளி மெட்ராஸ் பொருட்காட்சியில் ஒரு விண்வெளி வீரன் உடுப்பைப் பார்த்துவிட்டு, அதே போல ஒன்றைப் பார்சலில் வரவழைத்தார். உடுப்பாக வரவில்லை. பெட்டியைத் திறந்தால் மார்புக்கு, முதுகுக்கு, தொடைக்கு, முழங்காலுக்கு என்று தனித்தனியாக வெள்ளைப் பிளாஸ்டிக் தகடுகள். ஒரு பொட்டலம் வார், ஒரு பொட்டலம் ரிவெட், ஒரு தலைக்கவசம். எப்படிச் சேர்ப்பது என்று இங்கிலீஷில் ஒரு தாள், அதில் படமெல்லாம் மங்கிப்போயிருந்தது. ஓரத்தை வெட்டி, ஒட்டி, பெயிண்ட் அடித்து நாமே ஆளாக்கிக்கொள்ள வேண்டுமாம்.

கடையில் நாங்கள் மூன்றே பேர்: முதலாளி, ரேடியோ மெக்கானிக் காதர் பாய், நான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டிவியில் தமிழ்ப் படம் பார்க்க எங்கள் கடை வாசலில் ஊரே கூடும். அந்தக் கூட்டத்துக்கு முன்னால் இந்த வீரன் நிற்க வேண்டும் என்பது முதலாளியின் யோசனை. நான் இதுவரை ஒட்டியது தபால் தலை மட்டும்தான் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பாய்க்குத் தொப்பை, எனக்கு வயசு. நீயே செய், நீயே மாட்டிக்கோ."

தொடைக்கு இரண்டு துண்டு

ஒவ்வொரு தொடைக்கும் முன்பாதி ஒன்று, பின்பாதி ஒன்று. எது இடது, எது வலது என்று உள்பக்கம் குறித்துத்தான் அனுப்பியிருந்தார்கள். சுத்தமாகச் செய்கிற ஆளாச்சே நான்! முதல் வேலையாக உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததில் குறியெல்லாம் போய்விட்டது. இடது முன்பாதியை வலது பின்பாதியோடு ஒட்டி, கயிறு கட்டிக் காயவைத்து, மறுநாள் மாட்டிக்கொண்டு கடைக்குள் நடந்து காட்டினேன். காதர் பாய் சால்டரிங் அயர்னைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்.

"ஒரு காலு வேலூருக்குப் போறேங்குது, ஒரு காலு விழுப்புரத்துக்குப் போறேங்குது. நீ எங்கப்பா போற?"

எந்தச் சாமிக்கு?

ஆக்சா பிளேடால் அறுத்து, மறுபடி சரியாக ஒட்டி, சில்வர் பெயிண்ட் அடித்து, எல்லாவற்றையும் கடை வாசலில் பெஞ்சு மேல் காயவைத்தேன். அன்றைக்குப் பௌர்ணமி என்பதை யோசிக்கவில்லை. தெரு முழுக்க மலை சுற்ற வந்த ஜனம். மார்புத் தகடு வெயிலில் தகதகவென்று மின்ன, நாலு பேர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்கள். ஒருத்தர் முழங்கால் தகட்டில் விபூதி பூச, ஈரப் பெயிண்டில் அது அப்படியே ஒட்டிக்கொண்டது. கடைசி வரைக்கும் அதை என்னால் எடுக்க முடியவில்லை.

அடி அண்ணாமலை பக்கத்து அம்மா ஒருத்தர் எந்தச் சாமிக்குக் கவசம் என்று கேட்டார். சாமிக்கு இல்லைங்க, டிவி விக்கிறதுக்கு என்றேன். அந்த அம்மா கோபப்படவில்லை. கழற்றிய செருப்பை நிதானமாக மாட்டிக்கொண்டார்.

"எங்க ஊரு அம்மனுக்கு மூஞ்சிக்கு மட்டுந்தான் கவசம் இருக்கு. டிவி பொட்டிக்குக் கால்வரைக்கும் செய்யறீங்களா?"

கிருத்திகை அளவு

இடுப்புத் தகட்டுக்கு அளவெடுத்து ரிவெட் அடித்தது ஒரு கிருத்திகை அன்றைக்கு. கிருத்திகை என்றால் எங்கள் வீட்டில் சாயங்காலம் வரைக்கும் பச்சைத் தண்ணீர்தான். ஒட்டிப்போன வயிற்றில் தகடு கச்சிதமாக உட்கார்ந்தது. எனக்கு ஒரே பெருமை.

முதல் ஞாயிற்றுக்கிழமை, நல்ல காரியம் என்று முதலாளி வீட்டில் மதியம் வடை பாயசத்தோடு சாப்பாடு. நாலரைக்கு ராகு காலம் வந்துவிடும், அதற்குள் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றுவிட வேண்டும் என்று உத்தரவு. நாலு மணிக்கு மாட்டினால் இடுப்பு நாலு விரல் சேரவில்லை. மூச்சை அடக்கினேன், பாய் முழங்காலால் அழுத்தினார், பாயசம்தான் மேலே வந்தது. கடைசியில் அவர் ஆன்டெனா வயரை எடுத்து இடுப்பைச் சுற்றி முறுக்கிவிட்டார். இனிமேல் கட்டிங் பிளேயர் இல்லாமல் கழற்ற முடியாது. உட்காரவும் முடியாது, நான் அளவெடுத்ததெல்லாம் நின்றபடி. முதலாளி தலைக்கவசத்தின் நெற்றியில் சந்தனம் குங்குமம் வைத்து, பேசவே கூடாது, கையை மட்டும் தூக்கு என்றார். பாய் என் காதருகே தட்டினார்.

"மூச்சு கம்மியா விடு. ஜாஸ்தி விட்டா வயரு அறுந்துடும்."

மேனேஜர் எங்கே?

படம் தொடங்கிக் கூட்டம் சேர்ந்தது. தலைக்கவசத்தின் கண் ஓட்டை வழியாகப் பார்த்தால் எதிரே ஒரு வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கையில் என் போட்டோ. கீழ்பென்னாத்தூர்! அவர் நேராக என்னிடமே வந்து, "ஏம்பா, ஏழுமலைன்னு இங்க மேனேஜராமே, எங்க இருக்காரு?" என்றார். பேசக் கூடாதே! கையைத் தூக்கி என் மார்பைத் தொட்டுக் காட்டினேன். வேஷக்காரன் வணக்கம் வைக்கிறான் என்று நினைத்து அவரும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு உள்ளே போனார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

உள்ளே முதலாளி வாசலைக் கை காட்டினார். பெரியவர் திரும்பி வந்தார். போட்டோவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எதிரே சைக்கிள் கடை பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார். எழுந்து போய்விடுவார் என்று பார்த்தேன், போகவில்லை. பிள்ளைகள் என்னைத் தட்டிப் பார்த்தார்கள், யாரோ குடைக் கம்பியால் விலாவில் குத்திப் பார்த்தார், கால் மரத்துப்போயிற்று. சம்பந்தம் போயிற்று, வேலையாவது மிஞ்சட்டும் என்று அப்படியே நின்றேன்.

படம் முடிந்ததும் பாய் வயரை வெட்டினார். தலைக்கவசத்தைக் கழற்றிய கையோடு தெருவைத் தாண்டிப் பெரியவர் முன்னால் போய் நின்றேன். "நான் மேனேஜர் இல்லீங்க, வெறும் சேல்ஸ்மேன். அம்மா சொன்னது பொய்ங்க, நான் சும்மா இருந்ததும் தப்புங்க" என்றேன். அவர் முகத்தைத் துடைத்துக்கொள்ளச் சொல்லித் தோள் துண்டை எடுத்து நீட்டினார்.

"எங்க மல்லாட்டைக் களத்துல காவலுக்கு ஆள நிறுத்துனா கால் மணி நேரம் நிக்க மாட்டேங்கறான். தையில முகூர்த்தம் பாத்துக்கலாம் மாப்ள. கல்யாணத்தன்னிக்கு மட்டும் மூஞ்சி தெரியறாப்பல வாங்க."

ஆள் உள்ளே இருக்கிறானா என்று குத்திப் பார்த்த பிறகே மரியாதை கிடைக்கிற உத்தியோகம் இது, மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை.