காலியாகக் கிடந்த அட்டவணை

சரளாவுக்கு ஓரிடத்தில் உட்கார வராது. மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் அவர்கள் குடியிருந்த தோட்டத்தை முதலாளிகள் விற்று, அங்கே புது வீடுகள் எழுப்பியபோது குடும்பம் ஈப்போ அடுக்குமாடிக்கு வந்தது. அதன்பின் கைப்பேசிக் கடை, தஞ்சோங் மாலிம் கார் தொழிற்சாலை என்று சுற்றியவளை, அண்ணன் சீனியின் பழுதான சிறுநீரகம்தான் ஒரு தனியார் டயாலிசிஸ் மையத்தில் கட்டிப்போட்டது. அவர் அங்கே நோயாளி. அங்குள்ள கணினிகள் அவள் பொறுப்பு.

போன வாரம் டயாலிசிஸுக்கான தண்ணீரைச் சுத்திகரிக்கும் இயந்திரம் திடீரென்று அலறி நின்றது. நோயாளிகள் எல்லாரையும் பாதிச் சிகிச்சையிலேயே வீட்டுக்கு அனுப்பினார்கள். வீட்டில் சீனி மூச்சு வாங்கியது இன்னும் அவள் காதில் இருந்தது. ஏன் நின்றது என்று இயந்திரத்தின் பதிவுகளைத் தேடினாள். கோப்பு நிரம்பினால் பழையதை அழித்துவிட்டுப் புதியதை எழுதும் வழக்கம் அதற்கு. அந்த நேரத்துப் பதிவு போயே போயிருந்தது.

அதனால்தான் இன்று, வருகிற பதிவையெல்லாம் பழையதை அழிக்காத ஓர் எஸ்கியூஎல் தரவுத்தளத்துக்கு அனுப்பும் பிளகின் என்ற துணை நிரலைப் பொருத்திக்கொண்டிருந்தாள். சர்வர் பெயர், கடவுச்சொல், அட்டவணைப் பெயர், எல்லாம் கொடுத்தாயிற்று. 'இணைப்பு கிடைத்தது' என்றது திரை. அட்டவணையில் ஒரு வரிகூட இல்லை.

"ஆச்சா அக்கா?" தாதி ஹஃபீஸா எட்டிப் பார்த்தாள்.

"இன்னும் இல்ல லா."

சரளா எழுந்து சிகிச்சைக் கூடத்துக்குப் போனாள், திரும்பினாள், மறுபடி போனாள். கையில் குழாய்களோடு படுத்திருந்த சீனி முறைத்தார். "நீ நடக்குறத பாத்தா எனக்குப் பிரஷர் ஏறுது. ஒக்காரு லா."

"ஒக்காந்தா வந்துருமா அண்ணே?"

ஆனாலும் உட்கார்ந்தாள். பிளகின் தன் பிழைகளைத் தனியே எழுதிவைத்திருந்த கோப்பைத் திறந்தாள்: எழுத அனுமதி இல்லை. தலையில் அடித்துக்கொண்டாள். பிளகினுக்காக அவள் உண்டாக்கிய பயனர் கணக்குக்குப் படிக்க மட்டும்தான் உரிமை கொடுத்திருந்தாள். எழுதும் உரிமையைச் சேர்த்ததும் வரிகள் மளமளவென்று இறங்கின.

சந்தோஷப்படக்கூட நேரமில்லை. நீரழுத்தம் வரிக்கு வரி குறைந்துகொண்டே வந்தது. அலாரம் அடிக்கும் அளவுக்கு இன்னும் போகவில்லை. தண்ணீர் அறைக்கு ஓடினாள்.

"தர்மேந்திரன்! தண்ணி பிரஷர் எறங்குது, பாருங்க!"

பராமரிப்பாளர் தர்மேந்திரன் பார்த்தார். முன் வடிகட்டியில் சேறு அடைத்திருந்தது. தண்ணீரை மாற்று வடிகட்டிக்குத் திருப்பினார். கூடத்தில் ஒரு இயந்திரமும் நிற்கவில்லை.

"போன வாரமும் இதானா?" என்றாள் சரளா.

"இருக்கலாம். பதிவு இல்லாம எப்படிச் சொல்றது?"

அந்த 'இருக்கலாம்' அவளை அரித்தது. சிகிச்சை முழுதாக முடிந்து, சீனி சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். "போலாமா?"

"கொஞ்சம் இரு அண்ணே, வாரேன்," என்று வரிகள் விடாமல் இறங்குகின்றனவா என்று பார்க்க மறுபடி திரையின் முன்னால் போய் நின்றாள்.