அவள் கனவுக்கு நான் சொன்ன பொருள்

என் மனைவி என்னை நம்பிச் சொன்ன ஒரு கனவை, அவளைக் கேட்காமல், ஒன்பது பேர் கூடியிருந்த அறையில் விளக்கிப் பேசினேன். அது அவளுக்கு அவமானமாக முடிந்தது. எழுபத்தாறு வயதில் பிழையைச் சுற்றி வளைத்துச் சொல்லத் தெம்பில்லை.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடையின் மேல்மாடியில் சனிக்கிழமை மாலைகளில் உளவியல் வாசிப்பு வட்டம் நடந்தது. பங்சாரில் மனநல ஆலோசகராக இருக்கும் ஒருவர் நடத்தினார். ஓய்வுபெற்ற விரிவுரையாளன் என்பதால் எனக்கு அங்கே மரியாதை இருந்தது. நாங்கள் படித்தது ஆழ்மன உளவியல். மனிதன் உலகத்துக்குக் காட்டும் முகம் ஒன்று. தன்னிடமே ஒத்துக்கொள்ள முடியாமல் உள்ளே தள்ளிவைப்பது இன்னொன்று. இந்த இரண்டாவதை நிழல் என்பார்கள். தன் நிழலைத் தன்னிடம் காணாதவன் அதை அடுத்தவர்மேல் ஏற்றிவிட்டு அங்கே காண்பான். இது முதல் வாரப் பாடம். நான் அடிக்கோடிட்டு வைத்திருந்தேன்.

வீட்டில் கனவுக்கு வேறு பயன். மனைவி கிள்ளானை அடுத்த பண்டமாரானில் வளர்ந்தவள். அங்கே யாராவது கனவு கண்டால் பாம்பா, பிணமா, தண்ணீரா என்று விசாரித்து, அதற்குரிய நாலு இலக்க நம்பரை லாட்டரிக் கடையில் எடுப்பார்கள். அவள் எடுத்ததில்லை. ஆனால் காலையில் காப்பியை வைத்துவிட்டுக் கனவைச் சொல்வாள். "இதுக்கு என்ன நம்பர் லா?" என்று சிரிப்பாள். நாற்பது வருடங்களுக்கு மேல் எங்கள் காலைகள் அப்படித்தான் தொடங்கின.

என் அம்மா பக்கவாதத்தில் பதினோரு வருடம் எங்கள் பின்னறையில் கிடந்து இறந்தார். ஓராண்டு கழித்து ஒரு காலையில் மனைவி சொன்னாள்.

"அத்தைய ரூம்ல வச்சுப் பூட்டிட்டேங்க. சாவிய எடுத்துக்கிட்டு கிள்ளான் ட்ரெய்ன்ல ஏறிட்டேன். ஜன்னல் ஓரம் சீட்டு. என்னா சந்தோஷம் தெரியுமா? முழிச்சதும் அழுதுட்டேன்."

அன்றைக்கு அவள் நம்பர் கேட்கவில்லை. நான் காப்பியோடு எழுந்தேன். அறைக்குப் போய் அதை எழுதிவைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை, "எனக்குத் தெரிந்த ஒரு பெண்" என்று தொடங்கினேன். என் வீட்டு நிலவரம் வட்டத்தில் எல்லோருக்கும் தெரியும் என்பது எனக்கு உறைக்கவில்லை. அல்லது உறைத்தும் பேசினேன். நல்ல மருமகள் என்ற முகத்துக்குப் பின்னால் ஊறிக்கிடந்த வெறுப்பு என்றேன். பலகையில் படம் போட்டுக் காட்டினேன். கை தட்டினார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் அன்னதானம். வட்டத்துக்கு வரும் பெண் ஒருவர் அங்கே சாதம் பரிமாறிக்கொண்டிருந்தார். மனைவியைப் பார்த்ததும் எல்லோர் முன்னாலும் கேட்டிருக்கிறார்.

"அக்கா, மாமியார பூட்டி வச்சிட்டு ஓடிட்டீங்களாமே! பூட்டுக்கு நம்பர் எடுத்தீங்களா, ட்ரெய்னுக்கு எடுத்தீங்களா?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். மனைவியும் சிரித்துவிட்டு வந்தாளாம். வீட்டுக்கு வந்து, சேலைகூட மாற்றாமல் என் மேசைப் பக்கத்தில் நின்றாள்.

"பதினோரு வருஷம் அத்தைக்குப் பீ மூத்திரம் அள்ளினேன். அந்த மேல்மாடியில ஒரு நாளாவது அத சொல்லியிருக்கீங்களா?"

"நான் பேர் சொல்லலையே..."

"பேர் எதுக்குங்க? உங்க வீட்ல எத்தன மருமக?"

மறுநாள் காப்பி வந்தது. கனவு வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை.

இரண்டு மாதம் அப்படிப் போனது. பேச்சில்லாத காலைகளில் எனக்கு வேறொரு நாள் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. அம்மா உயிரோடு இருந்தபோது, மனைவியின் தங்கைக்கு அறுவை சிகிச்சை என்று அவள் கிள்ளானுக்குப் போயிருந்தாள். அம்மா என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். எதற்கு என்று எனக்குத் தெரியும். அந்த உடம்பைத் தொட எனக்கு அருவருப்பு. கதவைச் சாத்தினேன். தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினேன். மனைவி திரும்பி வரும்வரை நாலு மணி நேரம் அந்தப் பக்கம் போகவில்லை.

அவள் தூக்கத்தில் செய்ததை நான் விழித்திருந்து செய்தவன். அம்மா போனபோது அழுகைக்கு அடியில் ஒரு நிம்மதி இருந்ததையும் நான் யாரிடமும் சொன்னதில்லை. வட்டத்தில் நான் சேர்ந்ததே அந்த அறையை விட்டு வாரம் ஒரு மாலையாவது தப்பிக்கத்தான். பலகையில் நான் வரைந்தது அவளை அல்ல.

சனிக்கிழமை மேல்மாடிக்குப் போய் இதையெல்லாம் மறைக்காமல் சொன்னேன். கனவு என் மனைவியுடையது, அதைச் சொல்ல எனக்கு உரிமை கிடையாது, வெறுப்பு என்னுடையது என்றேன். கோயிலில் கேலி செய்த பெண் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆலோசகர் மட்டும் உற்சாகமாகிவிட்டார்.

"சார், ரொம்ப நல்ல கேஸ் இது. அடுத்த வாரம் இதையே டிஸ்கஸ் பண்ணலாமா?"

அவரைக் குறைசொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. அதன்பின் அந்தப் படிகளில் நான் ஏறவில்லை.

வீட்டில் மனைவி நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து அந்த நாலு மணி நேரத்தைச் சொன்னேன். அவள் கை நிற்கவில்லை.

"தெரியும்."

"எப்படி?"

"மெத்தையெல்லாம் ஊறிப்போய்க் கெடந்துச்சு. கத்திக் கத்தி அத்தைக்குத் தொண்ட கட்டிக்கிச்சு. டிவி சத்தம் லிஃப்ட் வரைக்கும் கேட்டுச்சுங்க."

"ஏன் அப்பவே கேக்கல?"

"அத்தைதான் வேணாம்னாங்க. அவன ஒண்ணும் கேக்காதேன்னாங்க." இன்னொரு தலையைக் கிள்ளிப் போட்டுவிட்டுச் சொன்னாள். "நான் யாருகிட்டயும் சொல்லல. என் தங்கச்சிகிட்டகூட."

மன்னிப்புக் கேட்டேன். "சரிங்க" என்றாள். நெத்திலியைக் கழுவ எழுந்து போனாள்.

காலைகள் திரும்பிவிடும் என்று நினைத்தேன். ஒரு வருடம் ஆகிறது. முழங்கால் வலி, லிஃப்ட் பழுது, தங்கையின் பேரப்பிள்ளைகள் எல்லாம் பேசுகிறாள். கோபம் இல்லை. ஒரே ஒரு நாள் கோப்பையை வைத்தபடி, "நேத்து ஒரு..." என்று ஆரம்பித்தாள். நான் பேப்பரை மடித்து வைத்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்ல. ஃபேன் சத்தம், தூக்கமே இல்ல" என்றாள்.

இப்போது காலையில் அடுக்களையில் நின்று பண்டமாரானில் இருக்கும் தங்கையை ஃபோனில் அழைக்கிறாள். கனவைத்தான் சொல்கிறாள் என்று சிரிப்பிலேயே தெரியும். நான் அந்தப் பக்கம் வந்தால் குரல் தாழ்ந்துவிடும். அதனால் காப்பி குடித்ததும் கீழே இறங்கிவிடுகிறேன். ஸ்டேஷன் ரோடு வரை நடந்து திரும்ப அரை மணி நேரம் ஆகும். நேற்று மழை. நடக்க முடியாமல் ஃபிளாட்டுக்குக் கீழே, தபால் பெட்டிகளின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அரை மணி நேரம் அவளுக்குப் போதுமா என்று தெரியவில்லை. இன்னும் பத்து நிமிடம் இருந்துவிட்டு மேலே போனேன்.